நாகூர்க் கந்தூரியும் எங்கட மூத்தம்மாவின் கடல்வழியும்

எங்கட மூத்தம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் மட்டக்களப்பிலிருந்து நாகூர் வரை போகும் வழியை வரிசை பிசகாமல் சொல்வார். "மாஹோவில ஒருக்கா மாறி, மதவாச்சியில இன்னொருக்கா மாறி, தலைமன்னாரில கப்பல் ஏறினா தனுஷ்கோடி. அங்கால திருச்சி, தஞ்சாவூர், நாகூர். பாஸ்போட் எண்டு ஒருத்தரும் கேக்கல்ல மனே." 1940களில், பத்துப் பன்னிரண்டு வயதில், தன் உம்மாவோடு கந்தூரிக்குப் போன பயணம் அது. கடலுக்குப் போன வாப்பா உயிரோடு திரும்பி வந்ததற்கான நேர்ச்சை.

அண்மையில் ஒரு டிசம்பர் விடுமுறையில் நானும் அந்தக் கந்தூரிக்குப் போனேன். மூத்தம்மா ரயிலும் கப்பலுமாகப் போன தூரத்தின் பெரும் பகுதியை விமானம் ஒரு மணித்தியாலத்தில் தாண்டித் திருச்சியில் இறக்கிவிட்டது.

1570இல் காலமான ஷாஹுல் ஹமீது நாயகம் அவர்கள் வட இந்தியாவின் மாணிக்கப்பூரில் பிறந்தவர்கள். அவர்கள் அடங்கியுள்ள தர்ஹாவில் ஐந்து மினாராக்கள் உண்டு. 131 அடி உயரமான பெரிய மினாராவைக் கட்டுவித்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங். ஜமாதுல் ஆகிர் முதற்பிறையன்று நாகப்பட்டினத்திலிருந்து கொடி ஊர்வலம் வருகிறது. பத்தாம் இரவு சந்தனக்கூடு. கடைகளில் தகரத்திலும் வெள்ளியிலும் அடித்த கை, கால், கண், வீடு, கப்பல் என்று நேர்ச்சைத் தகடுகள் தொங்குகின்றன. வாங்குவோரில் இந்துக்களும் பெருந்தொகை.

என்னை நிறுத்திவைத்தது கொடி ஊர்வலம்தான். கொடியைச் சுமந்து வரும் ரதங்கள் கப்பல் வடிவத்தில் செய்யப்பட்டவை. தெருவில் கப்பல் ஏன் ஓடுகிறது?

நாகூரில் எல்லோரும் சொல்லும் ஒரு காரணக் கதை இருக்கிறது. நடுக்கடலில் ஓட்டை விழுந்த ஒல்லாந்தர் கப்பலை, நாயகமவர்கள் கரையிலிருந்தே தம் கையிலிருந்த கண்ணாடியை எறிந்து அடைத்தார்கள் என்பது கதை. வரலாற்றுக் கண்ணோடு பார்த்தால் இதில் ஒரு சிக்கல் தெரியும். நாயகமவர்கள் காலத்தில் அந்தக் கரையில் இருந்தவர்கள் போர்த்துக்கேயர். ஒல்லாந்தர் நாகப்பட்டினத்தைப் பிடித்தது 1658இல். அதனால் கதையைப் பொய்யென்று தள்ளிவிட வேண்டியதில்லை. ஒல்லாந்தர் காலத்திலும் பின்னரும் கடலோடிய மக்கள் தங்கள் அச்சத்தையும் நன்றியையும் இந்தக் கதைக்குள் வைத்தார்கள் என்றே நான் வாசிக்கிறேன்.

அந்த மக்கள் கந்தூரியையும் கூடவே கொண்டுபோனார்கள். பினாங்கில் ஒரு நாகூர் தர்ஹா உண்டு. சிங்கப்பூரில் 1828க்கும் 1830க்கும் இடையில் ஒன்று எழுந்தது. கல்முனைக்குடிக் கடற்கரைப்பள்ளியிலும் அதே மாதத்தில் கொடியேறுகிறது. இவ்விடங்களில் நாயகமவர்கள் அடங்கவில்லை. அங்கே இருப்பது நினைவு மட்டும். இவ்விடங்களை ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள், தமிழ் முஸ்லிம்களின் பழைய கப்பற் பாதை கிடைக்கும்.

எங்கட பக்கத்தில் அந்தப் பாதை ஒரே தலைமுறைக்குள் அறுந்தது. 1948இன் குடிவரவு, குடியகல்வுச் சட்டத்துக்குப் பிறகு கடவுச்சீட்டும் விசாவும் வந்தன. 1914இலிருந்து ஓடிய தனுஷ்கோடிக் கப்பற்சேவை 1964 டிசம்பர் சூறாவளியோடு முடிந்தது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடியதையும் எண்பதுகளில் யுத்தம் நிறுத்தியது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் மீண்டும் வந்தபோது, மூத்தம்மா மௌத்தாகிப் பல வருடம்.

இன்று கந்தூரி என்றால் எங்கட ஊர்களில் கூடுமா கூடாதா என்ற வாதம்தான் முதலில் எழுகிறது. தீர்ப்புச் சொல்ல நான் ஆலிமில்லை. ஒரு தமிழ் ஆசிரியனாக எனக்குள்ள கவலை வேறு. கூடாது என்பவர்களும் கூடும் என்பவர்களும் ஒருசேரத் தொலைத்துக்கொண்டிருப்பது ஒரு வரலாற்றை. சேகனாப் புலவரும் குலாம் காதிறு நாவலரும் நாகூரைப் பாடிய புராணங்கள் அச்சில் இருக்கின்றன. தகரக் கப்பலை முந்தானையில் முடிந்துகொண்டு கடல் கடந்த பெண்களின் பயணத்தை யார் எழுதிவைத்தார்கள்?

மூத்தம்மாவின் பயணச்சீட்டுத் துண்டொன்று அவருடைய பெட்டிக்குள் கிடந்தது. சிறுவயதில் நான் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். 2004 சுனாமியில் பெட்டி போனது. அதே காலை நாகூர்க் கரையும் ஜனாஸாக்களை எண்ணிக்கொண்டிருந்தது.

நாகூரில் தகடு விற்ற முதியவரிடம் இலங்கையிலிருந்து வருகிறேன் என்றேன். "சிலோன்காரங்க முன்னெல்லாம் கூட்டங்கூட்டமா வருவாங்க தம்பி" என்றார். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் ஒருசிலராவது நம் வீடுகளில் இன்னும் இருப்பார்கள். எந்தப் புகையிரதத்தில் போனார்கள், எங்கே படுத்தார்கள், என்ன நேர்ந்துகொண்டார்கள் என்று கேட்டு, ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். எங்கட மூத்தம்மாவிடம் நான் அப்படிக் கேட்கவில்லை. ஸ்டேஷன் பெயர்கள் மட்டும்தான் எனக்கு மிச்சம்.