தோல்வியும் தீயும்

1942-ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப் போர் அமெரிக்க இளைஞரை அழைத்துக்கொண்டிருந்த காலம். இயேசு சபையினரின் பாஸ்டன் கல்லூரி, முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஆடும் அமெரிக்கக் கால்பந்தில் எட்டு ஆட்டங்களிலும் வென்று நாட்டின் முதலிடத்தில் நின்றது. நவம்பர் 28 அன்று, அதே சபையினரின் ஹோலி கிராஸ் கல்லூரியை எதிர்கொண்டது. எளிதில் வெல்லும் என்றே யாவரும் எண்ணினர். முடிவோ 55-12 என்ற படுதோல்வி!

கோக்கனட் குரோவ் கேளிக்கை விடுதியில் அன்றிரவு நடைபெறவிருந்த வெற்றி விருந்தை அணியினர் கைவிட்டனர். இரவு பத்தேகால் மணியளவில் அவ்விடுதி தீப்பற்றியது. அளவுக்கு மீறிய கூட்டம், பூட்டிய கதவுகள், நெரிசலில் அடைபட்ட சுழற்கதவு. சீருடையணிந்த படைவீரர் உட்பட 492 பேர் மாண்டனர்.

தோல்வியே இறைவன் காட்டிய தயவு எனச் சொல்லிவிடுதல் எளிது. அங்ஙனமாயின், மாண்டோர் அவர்தம் மக்கள் அல்லரோ? சீலோவாம் கோபுரம் விழுந்து மடிந்தோர் மற்றவரைவிடக் குற்றவாளிகளோ என்று ஆண்டவர் அன்றே வினவினார். இங்கே உயிர் குடித்தது மனிதரின் அலட்சியம். விடுதி உரிமையாளர் சிறை சென்றார். தீப்பாதுகாப்புச் சட்டங்கள் கடுமையாயின.

தப்பிய அணித்தலைவர்களுள் ஒருவரான மைக் ஹோலோவாக், பின்னர் பசிபிக் போரில் டார்பிடோ படகொன்றை நடத்தினார். தப்பியது பெருமையன்று, பிறர்க்குத் திருப்பிச் செலுத்த வேண்டிய கடன்.