மூச்சுக்கு ஒரு வழி

சில வருஷங்களுக்கு முன் நான் எழுதிய தொடர்கதை ஒன்றில், கதாநாயகன் இமயமலைச் சாரலில் ஒரு கூடாரத்தில் இரவைக் கழிக்கிறான். வெளியே பனி கொட்டுகிறது. அவன் கூடாரத்தின் வாயிலை இறுகக் கட்டிவிட்டு, கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு சுகமாகத் தூங்குகிறான். காலையில் புத்துணர்ச்சியோடு எழுந்திருக்கிறான். அந்த அத்தியாயத்தை எழுதும்போது எனக்கே இதமாகத்தான் இருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். காஷ்மீரத்துப் பனியில் பல குளிர்காலங்களைப் பார்த்தவர். கதையைப் பாராட்டி இரண்டு வரி. பிறகு, “தங்கள் கதாநாயகன் புத்துணர்ச்சியோடு எழுந்திருக்க முடியாது, நனைந்துபோய்த்தான் எழுந்திருப்பான்” என்று இருந்தது. கூடாரம்தான் ஒழுகவில்லையே, எதனால் நனைவான் என்று கேட்டுப் பதில் போட்டேன். அவர் அனுப்பிய மறுமொழி ஒரே வரி: “தன் மூச்சினாலேயே நனைவான்.”

எழுத்தாளனுக்கு ரோஷம் அதிகம். அவர் சொல்வது சரிதானா என்று பார்க்கப் பழைய பிரயாண நூல்களைப் புரட்ட ஆரம்பித்தேன். அப்படித்தான் வில்லியம் எட்வர்ட் பாரி என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவரிடம் போய்ச் சேர்ந்தேன்.

1819-ஆம் வருஷம், ‘ஹெக்லா’, ‘கிரைப்பர்’ என்ற இரண்டு கப்பல்களோடு பாரி வட துருவக் கடலுக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 28. அமெரிக்காவின் வட தலையைச் சுற்றிப் பசிபிக் கடலுக்கு வழி உண்டா என்று காண்பது நோக்கம். செப்டம்பர் மாத இறுதியில் கடல் உறைந்துவிட்டது. மெல்வில் தீவின் கரையோரமாக, பனிக்கட்டியை அறுத்து வழி செய்துகொண்டு ஒரு சிறு துறைக்குள் கப்பல்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மறு ஆகஸ்டு வரையில் அங்கேயே சிறை. அதில் ஏறத்தாழ மூன்று மாதம் சூரியனே உதிக்கவில்லை. பிப்ரவரியில் குளிர் பாரன்ஹீட் கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழே 55 டிகிரிக்குப் போயிற்று.

இந்த இடத்தில் நானாக இருந்தால் வெள்ளைக் கரடியையும் சூறாவளியையும் கொண்டுவந்திருப்பேன். பாரியின் குறிப்பிலோ அவருக்கு ஓயாத தொல்லை கொடுத்த எதிரி வேறு. அது கப்பலுக்கு உள்ளேயே இருந்தது.

குளிர்ந்த நீர் நிறைந்த தம்ளரை மேஜைமேல் வைத்தால் சற்று நேரத்தில் அதன் வெளிப்புறம் வேர்க்கிறது அல்லவா? தம்ளர் ஒழுகவில்லை, காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த இடத்தைக் கண்டதும் நீராகிப் படிகிறது. பாரியின் கப்பல் அந்தத் தம்ளரைத் தலைகீழாக்கியது போன்றது. குளிர் வெளியே, ஈரம் உள்ளே. மேல் தளத்துக்குக் கித்தானால் கூரை போட்டு மூடியாயிற்று. கீழே அத்தனை பேரும் மூச்சு விடுகிறார்கள், சோறு தின்கிறார்கள், ஈர உடைகளோடு வருகிறார்கள். அந்த ஆவியெல்லாம் உத்தரங்களிலும் பக்கப் பலகைகளிலும் போய்ப் படிந்து பனிக்கட்டியாக இறுகியது. சற்று உஷ்ணம் ஏறினால் அதுவே படுக்கைமேல் சொட்டியது. ஒரு சமயம் ‘ஹெக்லா’வில் சுரண்டி எடுத்த பனிக்கட்டி நூறு வாளிக்கு மேல், ஒவ்வொரு வாளியும் ஐந்தாறு காலன் கொள்ளும். அவ்வளவும் நாலு வாரத்துக்குள் சேர்ந்தது. சமையல் அண்டாக்களின் ஆவியை ஒரு திரை கட்டி மேலே போக்கிவிட்டார்கள். ஆகவே பெரும்பாலும் அது மனிதர் மூச்சும், அவர்கள் உண்ட உணவின் ஆவியுந்தான் என்று பாரி கணக்குச் சொல்கிறார்.

படுக்கைகளை உலர்த்தலாம் என்று கம்பளிகளை மேல் தளத்துக்குக் கொண்டுபோய் விரித்தார்கள். அங்கே காற்று வறண்டதுதான். ஆனால் குளிர்ந்த கம்பளி மறுபடி கீழே வந்ததும், அங்கிருந்த ஆவி முழுதும் அதன்மேல் பாய்ந்து, தண்ணீரில் தோய்த்தெடுத்ததுபோல் கணத்தில் ஈரமாக்கிவிட்டது. உலர்த்தப் போய் நனைத்துக்கொண்டு வந்த கதை! அதன்பின் பல மாதங்கள் படுக்கையை மேலே கொண்டுபோகவே இல்லை. உள்ளேயே கொடி கட்டி உலர்த்தினார்கள்.

1820 ஜனவரியில் ஸ்காலன் என்ற பீரங்கிப் பொறுப்பாளருக்குக் கால் வலி கண்டது; ஈறுகளில் ஸ்கர்வி நோயின் அறிகுறி தெரிந்தது. மாலுமிகளை அந்நாளில் கும்பல் கும்பலாகக் கொன்ற நோய் அது. அவருடைய படுக்கை, கப்பலின் பக்கத்தோடு பக்கமாக அடித்த பலகைக் கூடு. ஈரம் படிந்து படிந்து அதில் ஒரு பாதி எப்போதும் நனைந்தே கிடந்தது. அந்த ஈரத்தால்தான் நோய் வந்தது என்று பாரி முடிவு கட்டினார். ஆனாலும் அதோடு நிற்கவில்லை. தம் அறையில் அடுப்புக் குழாயின் ஓரமாகச் சிறு பெட்டிகளில் மண்ணிட்டுக் கடுகும் கிரெஸ் கீரையும் விதைத்தார். வெளிச்சம் இல்லாததால் வெளுத்துப்போய் வளர்ந்த அந்தக் கீரையைத் தினமும் கொடுத்தார்கள். ஒன்பது நாளில் ஸ்காலன் எழுந்து நடமாடினார். ஓட்டப் பந்தயத்துக்கே தயார் என்றாராம்.

ஸ்கர்வி ஈரத்தால் வருவதல்ல. வைட்டமின் ‘சி’ இல்லாத ஆகாரத்தால் வருவது. அந்தச் சத்தைப் பிரித்து அறிந்ததே இருபதாம் நூற்றாண்டில்தான். பாரியின் காரணம் தப்பு, மருந்து சரி. ஆனால் தப்பான அந்தக் காரணத்தை அவர் மறக்காமல் மனத்தில் வைத்திருந்ததால் இன்னொரு நன்மை விளைந்தது.

1821-இல் மறுபடி புறப்பட்டபோது, கப்பலின் பக்கத்தில் அடித்திருந்த பலகைக் கூடுகளை எடுத்துவிட்டு, தொங்கும் படுக்கைகளை வைத்தார். மாலுமிகளுக்கு ‘ஹாமக்’ என்னும் கித்தான் தூளி. நம் வீட்டுக் குழந்தைக்குக் கட்டுகிற தூளிக்குப் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூளி குளிர்ந்த பலகையைத் தொடாது. சுற்றிலும் காற்று ஓடும். காலையில் சுருட்டிவிட்டால் ஈரம் தங்க இடமிராது. கூடவே, உலர்ந்த சூடான காற்றைக் கப்பலெங்கும் குழாய் வழியாக அனுப்பும் அடுப்பு ஒன்றும் அமைத்தார்கள். குளிரைத் தடுப்பது மட்டும் போதாது, ஈரத்துக்கும் வழிவிட வேண்டும் என்ற பாடம் ஒரு குளிர்காலம் முழுதும் பட்டுக் கற்றது.

வழிவிட இயலாதபோது என்ன ஆகும்? 1911 ஜூன் 27-ஆம் தேதி, தென் துருவத்தின் நடுக் குளிர்காலத்தில், எம்பெரர் பெங்குவின் முட்டைகளைத் தேடி மூன்று பேர் புறப்பட்டார்கள். டாக்டர் வில்சன், பௌவர்ஸ், செர்ரி-கேரார்டு. இவர்களில் பௌவர்ஸ் இந்திய அரசின் கடற்படையில் வேலை பார்த்தவர். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 77 டிகிரி பாரன்ஹீட் வரை இறங்கியது. முகத்தை வெளியே வைத்து மூச்சுவிட முடியாது. ஆகவே தோல் பைக்குள் தலையையும் இழுத்துக்கொண்டு தூங்கினார்கள். மூச்சும் வேர்வையும் பைக்குள்ளேயே உறைந்தன. ஐந்து வாரத்தில் அவர்கள் திரும்பியபோது பைகளின் எடை இரட்டிப்புக்கு மேல் ஆகியிருந்தது. உறைந்த பையை உடல் சூட்டால் இளக்கி உள்ளே நுழைவதே ஒவ்வொரு இரவும் ஒரு யுத்தம். ஒரு காலை செர்ரி கூடாரத்தைவிட்டு வெளியே வந்து தலையை நிமிர்த்திப் பார்த்தார். சில விநாடிகளில் உடை இரும்பாய் இறுகிற்று. நாலு மணி நேரம் நிமிர்ந்த தலையோடேயே சறுக்குவண்டி இழுத்தார்.

மூன்று முட்டைகளோடு மூவரும் உயிரோடு திரும்பினார்கள். ஆனால் வில்சனும் பௌவர்ஸும் அடுத்த வருஷமே ஸ்காட்டோடு துருவத்திலிருந்து திரும்பும் வழியில் மாண்டார்கள். மிஞ்சியவர் செர்ரி மட்டும். 1922-இல் அந்தக் குளிர்காலப் பிரயாணத்தை எழுதி வைத்தார். அதைப் படித்த அன்று இரவு நான் போர்வையைத் தலைக்கு மேல் இழுக்கவில்லை.

கதை புத்தகமாக வந்தபோது அந்த அத்தியாயத்தைத் திருத்தினேன். கதாநாயகன் இப்போது கூடாரத்தின் உச்சியில் ஒரு சாண் திறப்பு விடுகிறான், குளிரில் நடுங்குகிறான், முகத்தை வெளியே வைத்துக்கொண்டு அரைகுறையாகத் தூங்குகிறான். காலையில் உலர்ந்த உடம்போடு எழுந்திருக்கிறான். முன்னைப்போல் இதமாக இல்லை என்று சில வாசகர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

புத்தகத்தின் முதல் பிரதியை அந்த ராணுவக்காரருக்கு அனுப்பினேன். பதில் அவருடைய மகளிடமிருந்து வந்தது. அப்பா காலமாகி நாலு மாதம் ஆகிவிட்டது என்று எழுதியிருந்தாள். கடைசி வரையில் மார்கழிப் பனியிலும் ஜன்னலில் ஒரு கதவைத் திறந்து வைத்துத்தான் படுப்பாராம். ஏன் என்று அவளுக்கு இதுவரை புரியவில்லையாம். நான் திருத்திய அத்தியாயத்தைப் படித்த பிறகு புரிந்ததாம்.