போட்டிக் கறிக்கு மார்க் இல்லை

2023 ஏப்ரல் 14 அன்று எங்கள் காலனியில் சமையல் போட்டி வைத்தார்கள். வழக்கமாக அம்பேத்கர் பிறந்த நாளுக்கு மாலை, கொடி, மைக்செட், பிள்ளைகளுக்கு நோட்டு, சாயங்காலம் பேச்சு. அந்த வருஷம் இளைஞர் மன்றத்துப் பையன்கள் "டிவில வர்ற மாதிரி செய்யலாம்ணா" என்றார்கள். பெண்கள் நிறையப் பேர் வருவார்கள் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு தப்பவில்லை. படப்பை பஜாரில் அடித்து வந்த நோட்டீசில் மூன்று பிரிவு இருந்தது: சைவம், சிக்கன், மட்டன்.

நோட்டீசைப் பார்த்துவிட்டு என் அக்கா கேட்டாள்: "நம்ம கறி எங்கடா?"

"ஊர்ப் பக்கத்துலருந்தும் நாலு பேரக் கூப்ட்டுக்கீறோம்க்கா. நடுவரும் வெளியாளு. அவங்க மூஞ்சச் சுளிச்சா நமக்குத்தான அசிங்கம்?" என்றான் ஒரு பையன். அவன் கெட்ட பையன் இல்லை. ரத்ததானத்துக்கு முதலில் நிற்பவன்.

அக்கா வாதம் செய்யவில்லை. விடியற்காலையில் போய் மாட்டுப் போட்டி வாங்கி வந்தாள். எங்கள் வடமாவட்டங்களில் குடலுக்குப் போட்டி என்று பெயர். சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, வெந்நீரில் போட்டு எடுத்து, கத்தியால் சுரண்டி, ஏழெட்டுத் தண்ணீர் ஊற்றி அலச வேண்டும். அவசரப்பட்டால் வாடை நின்றுவிடும். அதிகம் வேகவிட்டால் குழைந்துபோகும். மஞ்சளும் இஞ்சியும் எப்போது, மிளகு எப்போது, உப்பு எப்போது என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. எங்கள் ஆயா கையிலிருந்து அம்மா கைக்கும், அம்மா கையிலிருந்து அக்கா கைக்கும் வந்தது.

நடுவர் ஒவ்வொரு பாத்திரமாக ருசி பார்த்துக்கொண்டே வந்தார். கடைசிப் பாத்திரம் அக்காவுடையது.

"இது என்னம்மா?"

"போட்டிங்க."

"ஆட்டுதா?"

"மாட்டுதுங்க."

கரண்டி கீழே போனது. "லிஸ்ட்ல இல்லையேம்மா" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். ராத்திரி அக்கா என்னிடம் சொன்னாள்: "நல்லா இல்லன்னு சொல்லியிருந்தாக்கூட ஒத்துக்குவேன். அவரு தின்னே பாக்கலியேடா."

இந்த ஒரு பேச்சுக்கு வரலாறு தேடித்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

*

சமைப்பதைப் பந்தயமாக்கித் தொலைக்காட்சியில் காட்டுவது வெளிநாட்டுச் சரக்கு. இங்கிலாந்தில் பிபிசி 1990இல் மாஸ்டர்செஃப் நிகழ்ச்சியைத் தொடங்கியது. ஜப்பானில் 1993இல் அயர்ன் செஃப் வந்தது. 2009இல் ஆஸ்திரேலியாவில் மாஸ்டர்செஃப் புது வடிவெடுத்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. 2010இல் இந்தியில் வந்தது. தமிழில் 2019 நவம்பரில் விஜய் டிவி 'குக் வித் கோமாளி'யைத் தொடங்கியது. சமைக்கத் தெரிந்தவரோடு சமைக்கவே தெரியாத ஒரு கோமாளியைக் கோத்துவிடுவதுதான் அதன் சூத்திரம். கொரோனாக் காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த சனங்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. 2021 ஆகஸ்டில் சன் டிவி, விஜய் சேதுபதியை வைத்துத் தமிழ் மாஸ்டர்செஃப் நடத்தியது. எங்கள் காலனியிலும் எல்லா வீட்டிலும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், சிரித்தேன். இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

அக்கா பார்ப்பது வேறு மாதிரி. "ஏய், உப்ப இப்ப போடாதடி, தண்ணி வுடும்" என்று பெட்டியோடு சண்டை போடுவாள். சொன்னபடியே தண்ணீர் விடும்.

இந்த நிகழ்ச்சிகளில் ஒரு நல்ல விஷயம் உண்டு. யார் சமைத்தார் என்று கேட்காமல் நடுவர் எடுத்து வாயில் வைக்கிறார். ருசி நன்றாக இருந்தால் கட்டிப்பிடிக்கிறார். இந்த நாட்டில் இது சின்னக் காட்சி இல்லை. ஏனென்றால் இங்கே சமையலுக்கு எப்போதும் ஒரு போட்டி நடந்துகொண்டுதான் இருந்தது. அதில் மார்க் போட்டது ருசிக்கு அல்ல, கைக்கு.

*

எங்கள் ஆயா ஒரு பெரிய விவசாயி வீட்டில் வேலை செய்தவள். அந்த வீட்டுச் சோற்றுக்கு நாற்று நட்டது அவள் கை. அறுத்தது, அடித்தது, புழுக்கியது, குத்தியது, புடைத்தது எல்லாம் அவள் கை. அடுப்புக்கு விறகு கொண்டுபோய்க் கொல்லையில் போட்டதும் அவள்தான். அதுவரைக்கும் தீட்டு இல்லை. அரிசி உலையில் விழுந்த நொடியிலிருந்து அவள் நிழல் ஆகாது. பச்சையாக இருக்கும்வரை எங்கள் கை வேண்டும், வெந்துவிட்டால் எங்கள் கை வேண்டாம். சாதியின் சமையல் குறிப்பு இவ்வளவுதான்.

அடுப்பு மூட்டும் தரைகூட எங்களுடையதாக இல்லை. செங்கல்பட்டு ஜில்லா கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் இந்த ஜில்லாப் பறையர்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். சேரி மக்கள் குடியிருக்கும் மனைகூட மிராசுதாரர்களின் பிடியில் இருந்ததை அது எடுத்துச் சொன்னது. அதன் தொடர்ச்சியாகத்தான் 1892இல் பஞ்சமி நிலத்துக்கான ஆணை வந்தது. எங்கள் படப்பையும் அந்த ஜில்லாவில் இருந்த ஊர்தான். நிலமில்லாதவன் அடுப்பில் எது வேகும்? கூலியாகக் கிடைத்ததும், ஏரியில் பிடித்ததும், மற்றவர்கள் வேண்டாமென்று தள்ளியதும்தான் வெந்தன. தள்ளிய குடலைத் தின்னத்தக்க கறியாக்கியது எங்கள் பெண்களின் அறிவு. ஒரே நாளில் தின்ன முடியாத கறியை வாரி வாராக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கட்டி, காக்காய்க்குக் காவலிருந்து உப்புக்கண்டம் ஆக்கி, மழைக்காலப் பசிக்குச் சேர்த்துவைத்ததும் அந்த அறிவுதான்.

இந்த அறிவு சமையல் கலை என்ற பெயருக்குள் வரவில்லை. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வந்தது. பார்ப்பன வீட்டுச் சைவச் சமையலை அளவோடு எழுதிவைத்த புத்தகம். தன் வீட்டுச் சமையலை எழுதியதில் அவர் தப்பு எதுவும் இல்லை. ஆனால் ஒரு வீட்டுச் சமையல் 'தமிழ்ச் சமையல்' ஆனதும், இன்னொரு தெருவின் சமையல் எழுத்திலேயே ஏறாமல் போனதும் தற்செயல் இல்லை. மராத்தியில் ஷாஹு பட்டோலே தலித் சமையலைப் புத்தகமாக எழுதியது 2015இல்தான். அது 2024இல் ஆங்கிலத்திலும் வந்தது. நம்முடையதை நாம் இன்னும் முழுசாக எழுதவில்லை.

*

சாப்பாட்டில் இரண்டு கேள்வி உண்டு. யாரோடு உட்கார்ந்து தின்பது என்பது ஒன்று. யார் கையால் ஆக்கியதைத் தின்பது என்பது இன்னொன்று. முதல் கேள்வியைத் தமிழ்நாடு கொஞ்சம் பேசியிருக்கிறது. சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வைத்ததை எதிர்த்து 1920களில் பெரிய சண்டை நடந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயில் 'பிராமணாள்' என்ற பெயர்ப்பலகையை எதிர்த்துப் பெரியார் போராட்டம் நடத்தினார். சமபந்தி போஜனத்தால் மட்டும் சாதி சாகாது என்று அம்பேத்கர் 1936லேயே சொல்லிவிட்டார். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து தின்றுவிட்டு எழுந்துபோவது எளிது. தினம் தினம் ஒரு சேரிப் பெண் ஆக்கிய சோற்றைத் தன் பிள்ளை தின்ன விடுவது எளிதில்லை.

எளிதில்லை என்பதைப் பள்ளிக்கூட அடுப்பு காட்டிக்கொடுத்தது. 1982 ஜூலை 1 முதல் சத்துணவுத் திட்டம் வந்தது. அரசாங்கமே சம்பளம் கொடுத்து ஊருக்கு ஊர் சமையலர் வைத்தது. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளிக்கு ஓர் அருந்ததியப் பெண் சமையலராக வந்தபோது, சாதி இந்துக்கள் திரண்டு வந்து அவரைச் சமைக்கக் கூடாது என்று தடுத்தார்கள். அதிகாரிகள் அவருடைய மாறுதல் ஆணையையே ரத்து செய்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் திரும்ப வேலை கிடைத்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு நடந்து, 2025 நவம்பரில் ஆறு பேருக்கு இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. நீதி வர ஏழு வருஷம் ஆயிற்று. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரிலும் இதே கதை. காலை உணவுத் திட்டத்தில் அருந்ததியப் பெண் சமைக்கிறார் என்று சில பெற்றோர் பிள்ளைகளைத் தின்னவிடவில்லை. கலெக்டரே நேரில் போய் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

இந்தப் பெண்களின் சமையலில் உப்பு அதிகம் என்றோ காரம் குறைவு என்றோ யாரும் புகார் சொல்லவில்லை. அக்கா சொன்ன அதே வார்த்தைதான்: தின்னே பார்க்கவில்லை.

*

கையை ஒதுக்க முடியாத இடத்தில் பொருளை ஒதுக்குகிறார்கள். 2015இல் இந்தி மாஸ்டர்செஃப்பின் நான்காம் பருவம் முழுக்கவும் சைவமாக நடந்தது. 2023இல் அதே நிகழ்ச்சியில் மற்றவர்கள் மீன் சமைத்தபோது ஒரு போட்டியாளருக்கு மட்டும் பன்னீர் தரப்பட்டது. அவருடைய உணவு நெறிக்கு மதிப்புக் கொடுத்தார்களாம். கொடுக்கட்டும். எங்கள் உணவு நெறிக்கு எந்தப் பருவத்தில் மதிப்பு வரும்? தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேர் கறி, மீன் தின்பவர்கள் என்று 2014இல் மத்திய அரசின் மாதிரிக் கணக்கெடுப்பே சொன்னது. ஆகவே தமிழ் மேடையில் ஆடு வரும், கோழி வரும், நண்டு வரும். ஆட்டுக்குடலும் ஒருவேளை வரும். நான் பார்த்த வரைக்கும் மாடு வந்ததில்லை. ஒரே குடல்தான், மிருகத்தை வைத்து அதற்கும் சாதி.

அரசாங்கமும் இதற்கு விலக்கில்லை. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா அறிவித்தது. அதில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். ஆம்பூரில், பிரியாணித் திருவிழாவில்! தலித் இயக்கங்களும் முஸ்லிம் அமைப்புகளும் கேள்வி கேட்டன. மாநில எஸ்சி, எஸ்டி ஆணையம் இது பாகுபாடு என்று கலெக்டருக்கு நோட்டீஸ் அனுப்பியது. திருவிழா தள்ளிவைக்கப்பட்டது. மழை என்று காரணம் சொன்னார்கள். மாட்டுக்கறி தின்றவர்களே தீண்டத்தகாதவர்களாக ஆக்கப்பட்டார்கள் என்று அம்பேத்கர் 1948இல் எழுதினார். பழைய கதை என்று யாராவது சொன்னால் ஆம்பூரைக் காட்டலாம்.

*

இன்னொரு அடுப்பும் இருக்கிறது. படப்பை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் சாலையில் ஷிப்டுக்கு ஷிப்டு ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு வடிக்கும் கேன்டீன் அடுப்பு. என் அக்கா அப்படி ஒரு கேன்டீனில் காண்டிராக்ட் வேலை பார்த்தவள். காய் நறுக்குவது, பாத்திரம் தேய்ப்பது. சமையல் வேலைக்கு ஆள் தேவை என்றபோது போய்க் கேட்டாள். "எந்தத் தெரும்மா?" என்று கேட்டார் காண்டிராக்டரின் ஆள். சொன்னாள். "அப்பறம் சொல்றேன்" என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை.

இந்தச் சாலையில் வேலை செய்யும் பெண்கள் பல மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்குகிறவர்கள். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு நஞ்சாகி 250க்கு மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். 159 பேரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். ஆலை மூடப்பட்டது. தங்குமிடங்களும் சாப்பாட்டுக் கூடங்களும் சில தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒத்துக்கொண்டது. 2022 ஜனவரி 12இல்தான் ஆலை மறுபடி திறந்தது. மார்க் போடும் உரிமையைத் தின்கிறவர்களே கையில் எடுத்த ஒரு சமையல் தீர்ப்பு என்று அதைச் சொல்வேன். அதே ஆண்டில்தான் தமிழ்நாடு இரண்டு சேனல்களில் சமையல் போட்டி பார்த்து மகிழ்ந்தது. ருசியைப் பற்றி அவ்வளவு பேசிய நாடு, இந்தப் பெண்கள் சாலைக்கு வரும்வரை அவர்கள் தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவில்லை.

*

அந்த ஏப்ரல் 14 ராத்திரி அக்காவின் பாத்திரம் என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். பரிசு கொடுத்து, நடுவருக்குச் சால்வை போட்டு அனுப்பிய பிறகு, மேடை பிரித்த பையன்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். நோட்டீஸ் அடித்த அதே பையன் இரண்டு தடவை வாங்கித் தின்றான். பாத்திரம் வழித்தாகிவிட்டது. "சூப்பர்க்கா" என்றான்.

"இத மேடைல சொல்லியிருக்கணும்டா" என்றாள் அக்கா.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கும் குனிய வேண்டித்தான் இருந்தது. நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன்னால் பிழை திருத்திக் கொடுத்தவன் நான்தான். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை என்று கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அடுத்த வருஷம், 2024இல், நோட்டீசில் நாலாவது பிரிவு இருந்தது. ஊர்ப் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. வெளி நடுவர் யாரையும் கூப்பிடவில்லை. காலனியின் மூத்த பெண்கள் மூன்று பேர் உட்கார்ந்து, ஒவ்வொரு பாத்திரத்தையும் தின்று பார்த்து மார்க் போட்டார்கள். அக்காவுக்கு இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. மிளகு கொஞ்சம் தூக்கல் என்றார்கள்.

அக்கா சண்டை போடவில்லை. தின்று பார்த்துத்தானே சொன்னார்கள்.