‘கடல்’ என்று பேர் வாங்கிய குட்டை

விக்டோரியா காலத்துக் கென்சிங்டன் என்றதும் வெள்ளைத் தூண் வைத்த மாளிகைகள்தான் நினைவுக்கு வரும். அந்த மாளிகைகள் லண்டனின் மேற்கு விளிம்பில் வரிசையாக எழும்பிய அதே 1840களில், கூப்பிடு தூரத்தில் நாட்டிங் டேல் என்றொரு பள்ளம் இருந்தது. செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் களிமண் தோண்டித் தோண்டிக் குழியாகிப் போன பூமி. லண்டன் பெருகப் பெருக, நகரத்துக்குள் இடமில்லாமல் போன பன்றி வளர்ப்போரும் இங்கேதான் வந்து குடியேறினார்கள்.

எட்டொன்பது ஏக்கருக்குள் சுமார் 1,000 மனிதர்கள், சுமார் 3,000 பன்றிகள். பெரிய வீடுகளின் சமையலறைக் கழிவை வண்டியில் அள்ளிவந்து கொப்பரையில் கொதிக்க வைப்பார்கள். மேலே திரளும் கொழுப்பை வழித்தெடுத்து விற்பார்கள். மிச்சம் பன்றிக்குத் தீனி. தொழுவத்துச் சாக்கடை ஓட வடிகால் கிடையாது. களிமண் எடுத்த பெரும்பள்ளம் ஒன்றில் அத்தனையும் தேங்கி, ஏறக்குறைய ஒரு ஏக்கருக்கு விரிந்து நாறியது. அதற்கு மக்கள் வைத்த பேர் ‘ஓஷன்’, அதாவது கடல். கிணற்று நீரும் கெட்டது.

1846 முதல் 1848 வரை அங்கே இறந்தவர்களின் சராசரி வயது 11 வருடம் 7 மாதம். பச்சிளம் குழந்தைகள் கொத்துக்கொத்தாகச் செத்தால்தான் சராசரி இவ்வளவு கீழே இறங்கும். 1849இல் காலராவும் வந்தது. அடுத்த வருடம் சார்லஸ் டிக்கன்ஸின் வார இதழே இந்த இடத்தைப் பற்றி எழுதியது.

1848இல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்ததே என்று கேட்பீர்கள். அந்தச் சட்டம் லண்டனுக்குப் பொருந்தாது! 1855ஆம் ஆண்டுச் சட்டம்தான், வெஸ்ட்ரி எனப்பட்ட வட்டார மன்றங்கள் ஒவ்வொன்றும் சுகாதார அதிகாரியை நியமிக்க வேண்டும் என்றது. கென்சிங்டனுக்கு வந்த முதல் அதிகாரி டாக்டர் பிரான்சிஸ் காட்ரிச். லண்டன் முழுக்கத் தேடினாலும் இத்தனை பரிதாபமான இடங்கள் சிலவே இருக்கும் என்று 1856இலேயே அறிக்கை கொடுத்தார். ஆனாலும் பன்றிகள் ஏறக்குறைய ஒழிய 1870களின் கடைசி வரை ஆயிற்று. நோய்க்குக் காரணம் இன்னதென்று எழுதிக் கொடுத்த பிறகும் இருபது வருடம்! இந்தத் தாமதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

குட்டை இருந்த இடத்தில் 1892இல் அவண்டேல் பூங்கா திறக்கப்பட்டது. ஆனால் நெருக்கடியும் வறுமையும் அப்படியே இருந்தன. 1890களிலும் அந்தத் தெருக்களில் குழந்தைச் சாவு லண்டன் சராசரியைவிட மிக அதிகம்.

பழியெல்லாம் பன்றி வளர்த்தவர்கள் தலையில் விழுந்தது. அது நியாயமில்லை. அவர்கள் அள்ளிவந்தது மாளிகைகளின் கழிவு. வடிகால் வெட்டித் தர வேண்டியது ஊர் நிர்வாகம்.