நடுங்கும் உடலும் மேய்ப்பரின் சொல்லும்: அதிர்ச்சி நோய்ச் சிகிச்சையின் வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

பெரும் விபத்திலிருந்தோ போரிலிருந்தோ உயிர் தப்பிய ஒருவர், ஆபத்து நீங்கிப் பல மாதங்கள் கழிந்த பின்னும் சிறு ஓசைக்கு நடுங்குகிறார். இரவில் அலறி எழுகிறார். சிலருக்குக் கால் செயலிழக்கிறது, சிலருக்குப் பேச்சே நின்றுவிடுகிறது. இத்தகையோரிடம் திருச்சபையின் போதகர் என்ன சொல்ல வேண்டும்? 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாளான ஞாயிறு காலையில், ஆழிப்பேரலை நம் கரையோர ஊர்களை அழித்தபோது இக்கேள்வி நம் முன் நேராக வந்து நின்றது. கடலிலேயே வளர்ந்த மீனவர் ஒருவர், அலையோசை கேட்கும் தொலைவில் தம்மால் உறங்க இயலவில்லை என்று நம்மிடம் கூறினார். அச்சத்தை அகற்றி விசுவாசத்தில் உறுதிப்படுமாறு அவருக்கு அறிவுரை சொல்லி, ஜெபித்து விடைபெற்றோம். அவர் மறுத்து ஒன்றும் பேசவில்லை. ஆயினும் அதன்பின் நம்மைக் காணுந்தோறும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வறிவுரையில் இருந்த குறை யாதென நாம் உணரத் தொடங்கியது, நரம்பு மண்டலத்தைக் கருத்திற்கொண்டு எழுந்த சிகிச்சை முறைகளின் வரலாற்றைப் பயின்றபோதுதான்.

நல்ல சமாரியன் உவமையில், குற்றுயிராய்க் கிடந்தவனின் காயங்களைக் குறிக்க லூக்கா பயன்படுத்தும் கிரேக்கச் சொல் 'திரவுமா' என்பதை மாணாக்கர் அறிவர் (லூக்கா 10:34). எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டக்கூடிய, கண்ணால் காணும் காயம் அது. யாழ்ப்பாணத்து மனநல நூல்கள் இன்று 'மனவடு' என வழங்கும் பொருள் அச்சொல்லுக்கு அன்று இல்லை. உடலுக்குரிய அச்சொல் உள்ளத்திற்கு இடம்பெயர்ந்தது 19ஆம் நூற்றாண்டில். அதற்கு வழிகோலியவற்றுள் முதன்மையானது புகைவண்டி எனலாம்.

இங்கிலாந்தில் இருப்புப்பாதைகள் பெருகியபோது விபத்துகளும் பெருகின. எலும்பு முறியாமல், இரத்தம் சிந்தாமல் தப்பியவர்கள் சில நாட்களில் உறக்கமிழந்து, நடுக்கமுற்று, வேலை செய்ய இயலாதவராயினர். லண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக்சன் 1866இல் வெளியிட்ட நூலில், மோதலின் அதிர்வினால் முதுகுத்தண்டின் நரம்பு குலைவதே காரணம் என்றார். மருத்துவ உலகம் இதற்கு 'இரயில்வே முதுகுத்தண்டு' என்றே பெயரிட்டது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1865 ஜூன் 9ஆம் நாள் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் விபத்தில் சிக்கினார். பத்துப் பேர் மாண்ட அவ்விடத்தில் அவர் காயமின்றி வெளிவந்து, காயமுற்றோர்க்குத் தண்ணீர் கொடுத்து உதவினார். அதன்பின் இரயில் பயணம் அவருக்கு வேதனையாயிற்று. சரியாக ஐந்தாண்டுகள் கழிந்து, அதே ஜூன் 9ஆம் நாளில் அவர் மறைந்தார்.

1883இல் ஹெர்பர்ட் பேஜ் என்னும் மருத்துவர் எரிக்சனை மறுத்தார். முதுகுத்தண்டில் ஊறு ஏதும் இல்லை, அச்சமொன்றே இந்நோயை விளைவிக்க வல்லது என்பது அவர் வாதம். அதில் பெரும்பகுதி உண்மையே. ஆனால் அவர் ஓர் இரயில்வே நிறுவனத்தின் மருத்துவர் என்பதையும் நாம் மறத்தலாகாது. நரம்பில் காயமில்லையெனில் இழப்பீடு எதற்கு என்று கேட்க நிறுவனங்களுக்கு வழி பிறந்தது. காயம் கண்ணுக்குத் தெரிந்தால் நோயாளி, தெரியாவிட்டால் நடிப்பவர் என்னும் இந்தக் கொடிய பிரிவினை நீதிமன்றத்தில் தோன்றிப் போர்க்களத்திற்குச் சென்றது. அங்கிருந்து சபைகளுக்குள்ளும் அது நுழைந்திருக்கிறது என்பதே நமது எண்ணம்.

1915ஆம் ஆண்டில் இரு வெளியீடுகள் ஒன்றையொன்று அறியாமல் தோன்றின. பிரான்சில் பணியாற்றிய ஆங்கில மருத்துவர் சார்லஸ் மையர்ஸ், குண்டு அருகில் வெடித்தபின் பார்வையும் நினைவும் குன்றிய மூன்று போர்வீரர்களைப் பற்றி 'லான்செட்' இதழில் எழுதி, 'குண்டு அதிர்ச்சி' என்ற பெயரை மருத்துவ ஏட்டில் ஏற்றினார். அதே ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டில் உடலியல் பேராசிரியர் வால்ட்டர் கேனன், அச்சத்திலும் சினத்திலும் உடலில் நிகழும் மாற்றங்களைப் பற்றித் தம் நூலை வெளியிட்டார். நாய் குரைத்து அச்சுறுத்திய பூனையின் இரத்தத்தில் அட்ரினல் சுரப்பியின் நீர் கலக்கிறது; இதயம் விரைகிறது; செரிமானம் நின்றுபோகிறது; தசைகளுக்கு இரத்தம் பாய்கிறது. போரிடவோ ஓடவோ உடல் ஆயத்தமாகிறது. இதை நடத்துபவை நம் விருப்பத்திற்கு உட்படாத தன்னியக்க நரம்பு மண்டலத்தின் பரிவு நரம்புகள். அம்மண்டலத்திற்கு அப்பெயரை 1898இல் இட்டவர் கேம்பிரிட்ஜின் லாங்லி. பதுங்குகுழியில் நாள்கணக்கில் குண்டுமழையின் கீழ்க் கிடந்த வீரனோ போரிடவும் இயலாதவன், ஓடவும் இயலாதவன். அவன் உடல் எடுத்த ஆயத்தம் செலவழிய வழியின்றித் தங்கிவிட்டது. கேனனின் பூனையையும் மையர்ஸின் வீரனையும் இவ்வாறு அருகருகே வைத்துப் பார்க்கும் வழக்கம் நெடுங்காலத்திற்குப் பின்பே பரவிற்று.

அதற்குள் அறியாமை உயிர்களைப் பறித்தது. ஹாரி ஃபார் என்னும் ஆங்கிலப் படைவீரர் 1915இல் குண்டு அதிர்ச்சியினால் ஐந்து மாதம் மருத்துவமனையில் இருந்தார். கை நடுங்கியதால் மனைவிக்குக் கடிதம் எழுதவும் செவிலியின் துணை வேண்டியிருந்தது. 1916 செப்டம்பரில் சோம் போர்முனைக்குச் செல்ல இயலாது என்றார். கோழைத்தனம் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, தமக்காக வாதாட ஒருவருமின்றி விசாரிக்கப்பட்டு, அக்டோபர் 16ஆம் நாள் அதிகாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 25. அவரைவிடச் சிறந்த போர்வீரர் இருந்ததில்லை என்று படையின் குருவானவர் விதவைக்குச் சொல்லியனுப்பியதாக அக்குடும்பத்தார் நினைவுகூர்ந்தனர். அக்குருவானவரின் நிலையை நாம் எண்ணிப் பார்க்கிறோம். உண்மையை அவர் கண்டிருந்தார். அதைச் சொல்ல அவருக்குக் கிடைத்த இடம் விதவையின் செவி ஒன்றே. இவ்வாறு கொல்லப்பட்ட 306 பேருக்கு 2006ஆம் ஆண்டில்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டத்தின்மூலம் மன்னிப்பு அளித்தது.

சிகிச்சை என்ற பெயராலும் கொடுமை நிகழ்ந்தது. லண்டன் மருத்துவமனையொன்றில் லூயிஸ் ஈலண்ட், ஒன்பது மாதமாய்ப் பேச்சிழந்த வீரரை இருட்டறையில் வைத்துப் பூட்டி, தொண்டையில் மின்சாரம் பாய்ச்சி, பேசினாலன்றி வெளியே விடுவதில்லை என்றார். ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் வீரர் பேசினார். இதனை 1918இல் வெற்றியாகவே ஈலண்ட் நூலில் எழுதினார். நரம்பைத் தொடும் சிகிச்சை யாவும் நற்சிகிச்சை அன்று என்பதற்கு இதுவே சான்று. அங்கே நரம்பு தொடப்பட்டது, மனிதர் தொடப்படவில்லை.

இதற்கு எதிர்முனையில் நின்றவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். இவரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம். காரணம், இவர் நம் நாட்டிற்குப் புதியவரல்லர். 1901-02இல் நீலகிரியில் தோடர்களிடையே தங்கி, அவர்களுடைய எருமைப் பால்மனைகளையும் சடங்குகளையும் ஆராய்ந்து, 1906இல் அவர் வெளியிட்ட நூல் மானிடவியல் மாணாக்கர் இன்றும் பயில்வது. ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர் ஒருவரின் மகன். பேச்சில் திக்குவாய் உடையவர். பேச்சிழந்தோர்க்கு மருத்துவம் செய்ய இறைவன் இவரைத் தெரிந்துகொண்டதில் நமக்கு வியப்பில்லை.

நீலகிரியிலிருந்து திரும்பியபின் ரிவர்ஸ் ஈடுபட்ட ஆய்வு விந்தையானது. 1903இல் ஹென்றி ஹெட் என்னும் மருத்துவர் தம் இடது முன்கையின் நரம்பைத் தாமே விரும்பி அறுத்துத் தைக்கச் செய்தார். நான்காண்டுகளுக்கும் மேலாக ரிவர்ஸ் அக்கையைக் குத்தியும் தொட்டும், குளிரும் வெப்பமும் காட்டியும், உணர்வு திரும்பும் முறையைக் குறித்து வந்தார். முதலில் திரும்பியது முரட்டு உணர்வு: இடம் தெரியாத, அளவு கடந்த வலி. நுண்ணிய தொடுவுணர்வு பிற்பாடே வந்து அம்முரட்டுணர்வை அடக்கிற்று. இருவகை நரம்பு உண்டென்று அவர்கள் கொண்ட முடிவைப் பின்வந்தோர் ஏற்கவில்லை. ஆயினும், பழையதும் முரடானதுமான ஓர் எதிர்வினை நம்முள் அடங்கிக் கிடக்கிறது, பேரதிர்ச்சியில் அது மேலெழுகிறது என்னும் சித்திரத்தை ரிவர்ஸ் தம்மோடு எடின்பரோவின் கிரெய்க்லாக்கார்ட் போர் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். கவிஞர் சிக்ஃப்ரீட் சசூன் 1917இல் அவரிடம் சிகிச்சை பெற்றது அங்கேதான்.

அக்காலத்து மருத்துவர் பலர் கூறிய ஆலோசனை, நடந்ததை மறந்துவிடு என்பதே. நாமும் துக்க வீடுகளில் இதைத்தான் கூறுகிறோம். ரிவர்ஸ் அதை மறுத்தார். நினைவை அடக்குவதே நோயை வளர்க்கிறது என்றார். நண்பனின் உடல் சிதறிக் கிடக்கக் கண்ட ஓர் அதிகாரிக்கு இரவுதோறும் அக்காட்சியே தோன்றிற்று. உடல் அவ்வளவு சிதறியதே, அந்நண்பர் வேதனையை உணராமல் நொடியில் இறந்தார் என்பதற்குச் சான்று என ரிவர்ஸ் எடுத்துக்காட்டினார். அதன்பின் அந்த அதிகாரியின் கனவு மாறிற்று. நண்பருக்காக அவரால் அழ முடிந்தது.

மற்றோர் அதிகாரியின் கதை நமக்கு இதனினும் முக்கியமானது. குண்டு வெடித்துத் தூக்கியெறியப்பட்ட அவர், இறந்து பல நாட்களான பகைவர் ஒருவரின் வயிற்றின்மீது முகங்குப்புற விழுந்தார். அழுகிய உடல் அவர் வாயை நிரப்பிற்று. இந்நினைவில் ஆறுதலுக்கு இடமான ஒன்றையும் ரிவர்ஸால் காண இயலவில்லை; அதை அவர் மறைக்காமல் எழுதினார். முன்பு நாட்டுப்புறத்தின் அமைதியில் இருந்தபோது அவ்வதிகாரி ஓரளவு நலம் பெற்றிருந்தார். எனவே படையை விட்டு விலகி அத்தகைய வாழ்வையே நாடுவதே நலம் என முடிவு செய்யப்பட்டது. சொல்லால் ஆறுதல் அளிப்பதையே தொழிலாகக் கொண்ட நாம் இவ்விடத்தில் நிற்க வேண்டியவர்களாயிருக்கிறோம். சொல் எட்டாத இடம் ஒன்று உண்டு; அங்கே முதலில் அமைதி பெற வேண்டியது உடல். சூரைச்செடியின் கீழ்ச் சாக விரும்பிப் படுத்த எலியாவிற்குத் தேவதூதன் உறக்கத்தையும் அடையையும் தண்ணீரையும் இருமுறை கொடுத்த பின்பே ஓரேபில் கேள்வி பிறக்கிறது (1 இராஜாக்கள் 19). அந்த வரிசையை நம் பிரசங்கங்கள் விரைந்து கடந்துவிடுகின்றன.

ரிவர்ஸ் வேறொன்றையும் கண்டார். விமானம் ஓட்டுவோரைவிட, கயிற்றில் கட்டிய பலூனில் அசையாமல் அமர்ந்து வேவு பார்த்தோரே மிகுதியாக இந்நோய்க்கு ஆளாயினர். ஆபத்தில் கைக்கு ஒரு வேலை இருப்பவன் ஓரளவு காக்கப்படுகிறான் என்பது அவர் முடிவு. 1922இல் அவர் காலமானார். போர் முடிந்ததும் உலகம் இப்பாடங்களை மறந்தது. முன்னாள் வீரரிடையே பணியாற்றிய ஆப்ரம் கார்டினர் 1941இல், இது உள்ளத்தோடு உடலும் சேர்ந்த நோய், உடல் இன்னும் போர்க்களத்திலேயே இருப்பதாக எண்ணி வாழ்கிறது என்று எழுதியபோதும் கேட்டோர் சிலரே. வியட்நாம் போருக்குப் பின், 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இதற்கு முறையான பெயர் கிடைத்தது.

உடலை அமைதிப்படுத்தும் முறைகள் அதற்கு முன்பே தனித்தனியே வளர்ந்திருந்தன. சிகாகோவின் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல், தசைகளை ஒவ்வொன்றாய் இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை விளக்கினார். மூச்சை மெதுவாய் வெளிவிடும்போது இதயத் துடிப்பு தணிவதையும், அதை நிகழ்த்துவது எதிர்ப்பரிவு நரம்புகளுள் பெரிதான வேகஸ் நரம்பு என்பதையும் உடலியல் அறியும். இவற்றையும் பிறவற்றையும் இணைத்துப் புதிய முறைகள் பல எழுந்தன. 1989இல் ஃபிரான்சின் ஷாப்பிரோ, நோயாளி கொடிய நினைவை உள்ளத்தில் நிறுத்தியவாறே கண்களை இருபுறமும் அசைக்கும் முறையை வெளியிட்டார். பீட்டர் லெவின், உடலில் தங்கிவிட்ட தற்காப்பு அசைவு சிறிது சிறிதாய் நிறைவுற வேண்டும் என்றார். ஸ்டீபன் போர்ஜஸ், வேகஸ் நரம்பை மையமாக்கி ஒரு கோட்பாடு வகுத்தார்.

இவை யாவற்றையும் ஒரே தரத்தில் வைத்தல் தகாது. ஷாப்பிரோவின் முறையையும், நினைவை நேர்கொள்ளச் செய்யும் உளச்சிகிச்சையையும் உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது; கண்ணசைவுதான் குணமளிக்கிறதா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. லெவினின் முறைக்கு ஆய்வுச் சான்று இன்னும் குறைவு. போர்ஜஸின் கோட்பாட்டை உடலியலார் சிலர் வன்மையாக மறுக்கின்றனர். ஹெட்டும் ரிவர்ஸும் வகுத்த இருவகை நரம்புக் கொள்கைக்கு நேர்ந்ததை அறிந்த நாம், எந்தக் கோட்பாட்டையும் திருமறை போல் பற்றிக்கொள்ள வேண்டியதில்லை. அது பிழையென்று நிலைநாட்டப்பட்டாலும் நடுக்கம் கற்பனையாகிவிடாது.

போரின் நடுவே யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், 1998இல் வெளியிட்ட நூலில் தம் மக்களின் மனவடுக்களைப் பதிவு செய்தார். மூச்சுப் பயிற்சியையும் தசைத் தளர்ச்சியையும், அவரவர் சமயத்திற்கேற்ற திருச்சொல்லை மெல்ல உச்சரித்தலையும் அவர் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். ஜெபம் அங்கே அச்சத்தைக் கண்டிக்கும் கட்டளையாக வரவில்லை. மூச்சோடு சேர்ந்து உடலுக்குள் வந்தது.

தொடக்கத்தில் கூறிய மீனவரை மீட்டவர் நாமல்லர், அவருடைய மைத்துனர். மாலைதோறும் அவரைத் தென்னந்தோப்பில் அமர்த்திக் கிழிந்த வலைகளைக் கையில் கொடுத்தார். வாரத்திற்கு வாரம் அமரும் இடத்தைக் கடலை நோக்கிச் சிறிது நகர்த்தினார். கடலைப் பற்றி அவரே பேசினாலன்றி, மைத்துனர் பேச்செடுப்பதில்லை. அடுத்த ஆண்டு ஆடி மாதம் கழிந்தபின் அவர் மீண்டும் கட்டுமரம் ஏறினார் என்று மைத்துனர்தான் நம்மிடம் கூறினார். ரிவர்ஸின் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை.