சிறுதேரும் மின்தேரும்

உருளும் வண்டியைக் குழந்தையின் கையில் கொடுப்பது தமிழர்க்குப் புதிய வழக்கமன்று. காவிரிப்பூம்பட்டினத்தின் வளம் பேசும் பட்டினப்பாலை ஓர் அழகிய காட்சியைத் தீட்டுகிறது. நெல்லைக் கவரவந்த கோழியை விரட்ட மங்கையர் எறிந்த காதணி, குதிரையின்றிச் சிறுவர் உருட்டிவந்த மூன்றுகாற் சிறுதேரின் வழியைத் தடுத்ததாம். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியாக நிற்பதும் சிறுதேர்ப் பருவமே. மைசூர்ச் சீமையில் கௌதள்ளியில் வாழும் நம் பிள்ளைகளுக்கோ, நுங்கு வண்டியோடு சென்னப்பட்டணத்து அரக்குப்பூச்சு மரவண்டியும் சொந்தமாயிற்று. அச்சிறுதேரின் தூரத்து உறவொன்று மேல்நாட்டில் மின்சாரத்தால் ஓடத் தொடங்கிய வரலாற்றை யாம் ஈண்டுச் சொல்லப் புகுந்தோம்.

அதற்கு ‘ஸ்லாட் கார்’ என்று பெயர். ஸ்லாட் என்பது தச்சர் கூறும் காடி. பாதையின் நடுவே நீண்ட காடி ஒன்று செல்லும்; அதன் இருமருங்கும் உலோகப் பட்டைகள் பதிந்திருக்கும். காரின் அடியிலுள்ள சிறு நாக்கு காடியில் இறங்கி வழிகாட்ட, பட்டைகளிலிருந்து மின்சாரம் ஏறி உள்ளிருக்கும் மோட்டாரைச் சுழற்றும். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் ஆடுவோர் கைப்பிடியில் அடங்கும்.

அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1912-ஆம் ஆண்டிலேயே இத்தகைய பொம்மைகளை விற்றது. ஆயினும் சில ஆண்டுகளில் நிறுத்திவிட்டது. பின்னர் 1952-இல் இங்கிலாந்தின் பிரெட் பிரான்சிஸ் என்பார் தகரத்தாலான ‘ஸ்கேலெக்ஸ்’ கார்களைச் செய்தார். அடியிலிருந்த ஐந்தாம் சக்கரத்தைத் தரையில் அழுத்திப் பின்னுக்கு இழுத்துவிட்டால் அவை ஓடும். ஓடி நின்றபின் பிள்ளைக்கு அதில் வேலையில்லை. விரைவில் சலிப்புத் தட்டியது, விற்பனையும் தளர்ந்தது. ஓட்டத்தைப் பிள்ளையின் கையிலேயே ஒப்படைத்தால் என்ன என்று எண்ணினார் அவர். மின்மோட்டார் பொருத்திய ‘ஸ்கேலெக்ஸ்ட்ரிக்’ 1957 ஜனவரியில் ஹாரகேட் நகரப் பொம்மைக் கண்காட்சியில் அரங்கேறியது. வரவேற்பு பெருகவே, மறு ஆண்டே தம் நிறுவனத்தை லைன்ஸ் சகோதரர்களுக்கு விற்றார். சோழவரம் விமானத் திடலில் மெய்யான கார்கள் சீறிய அக்காலத்தில், ஆங்கிலேயச் சிறுவர் மேசைமேலேயே பந்தயம் நடத்தினர்.

லைன்ஸ் சகோதரர் நிறுவனம் 1971-இல் வீழ்ந்தது; எனினும் விளையாட்டு வீழவில்லை. அன்றைய பிள்ளைகள் முதியவராகிப் பழைய பெட்டிகளைத் தேடித் தேடிச் சேர்க்கலாயினர். இங்கேதான் ஒரு வழக்கு எழுகிறது. பிரிக்காத பெட்டிக்கே விலை அதிகமென்று கண்ணாடி அலமாரியில் பூட்டிவைப்போர் ஒருசாரார். ஓட்டிப் பார்ப்பதே உரிமையென்போர் மறுசாரார். யாம் பின்னவர் பக்கமே நிற்கிறோம். ஓடாத கார் கெடாது என்பது மயக்கம். கிடப்பிலிருக்கும் எஃகுப் பட்டை துருவேறும். ரப்பர் சக்கரம் இறுகும். மோட்டாரின் எண்ணெய் பிசினாகும். துருவை மெல்லத் துடைத்து, அச்சுக்கு ஒரு துளி எண்ணெயிட்டு, அவ்வப்போது ஓட்டுபவனுக்கே அப்பொருளின் நோய் தெரியும். ஆனால் பழைய மின்மாற்றியை மட்டும் நம்பலாகாது. அதன் உறை நைந்திருக்கக்கூடும். தகுந்த புதியதொன்றை மின்னறிஞர் கொண்டு பொருத்துவதே உயிருக்குக் காப்பு.

அன்றியும், இது தனியே ஆடித் தீரும் ஆட்டமன்று. எதிர்க் காடியில் ஒருவன் ஓட்டினாலன்றிச் சுவையில்லை. வளைவில் பேராசைகொண்டு விரைபவன் தடம்விட்டுப் பறப்பான். அடங்கி ஓட்டியவன் வெல்வான். 2009 ஆகஸ்டில் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸில், பழைய பந்தயத் திடலின் வழியை ஒட்டி, ஏறத்தாழ 4.75 கிலோமீட்டர் நீளத்துக்கு இப்பொம்மைப் பாதை அமைத்துக் கார் ஓட்டினர். அதனைப் பொருத்தியவர்கள் ஊரார் நூற்றுக்கணக்கானோர். பெட்டிக்குள் கிடந்தால் இக்கூட்டம் கூடியிருக்குமோ?

ஆண்டு விழாவிற்குக் கூடும் அன்பர்களே! பரண்மேல் உறங்கும் விளையாட்டுப் பொருள், மின்தேராயினும் மரத்தேராயினும், அதனை இறக்கித் துடைத்துப் பேரப்பிள்ளையின் கையில் கொடுங்கள். கீறல் விழட்டும், கவலையில்லை. பிறமொழி வழங்கும் மண்ணில் தாய்மொழியைப் பேசிப் பேசியே காத்துவரும் நமக்கு, புழக்கமே காப்பு என்பதைப் பிறர் சொல்லவும் வேண்டுமோ?