சிறு போத்தலும் பெருந்தாங்கிகளும்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த சீனன்குடாக் காட்டுக்குள் 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காகக் கட்டியவை அவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி யப்பானிய விமானங்கள் தாக்கியபோது ஒரு தாங்கி அழிந்தது. 2022 ஜனவரியில் செய்த உடன்படிக்கைப்படி 14 தாங்கிகள் லங்கா ஐ.ஓ.சி.க்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் போயின. இந்த மாவட்டத்தின் எரிபொருள் வரலாறு என்றதும் எல்லோரும் தாங்கிகளின் கதையைத்தான் எழுதுகிறார்கள். கொட்டியாரக்குடாவைத் தாண்டினால் இன்னொரு கதை இருக்கிறது. மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்று, இலங்கைத்துறை முகத்துவாரம், வெருகல் என்று நீளும் அந்தக் கரையிலும், வடக்கே வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும், ஒரு சிறு போத்தல் பெற்றோலை நம்பி மோட்டார் சைக்கிள் ஓட்டிய மக்களின் கதை அது. அவர்கள் தங்கள் வண்டிகளில் செய்த மலிவான மாற்றங்களை இல்லாமையின் ஒட்டுவேலை என்று தள்ளிவிடுவது தவறு. பழுதாகும் உறுப்புக்கும் வண்டிக்காரரின் கைக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைத்தவை அந்த மாற்றங்கள். அந்த வகையில் அவை முழுமையான வடிவமைப்பு வேலை.

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியதும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, இரும்பு, உரம், வாகன உதிரிப்பாகங்கள் என்று தடைப்பட்டியல் நீண்டது. யாழ்ப்பாணத்துக்கு வந்த மின்சாரமும் நின்றது. ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் திரியும் வைத்து விளக்கு எரித்ததும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டதும் அக்காலத்தவர் எல்லோருக்கும் நினைவிருக்கும். திருகோணமலை மாவட்டத்தில் இந்த எல்லைக்கோடு மாவட்டத்தின் ஊடாகவே போனது. நகரத்தில் பெற்றோல் நிலையம் இருந்தது. குடாவுக்கு அப்பால் கொண்டு போகும் பொருள் ஒவ்வொன்றும் சோதனைச்சாவடியைக் கடக்க வேண்டியிருந்தது. பெரும் எண்ணெய்க் களஞ்சியம் ஒன்றை ஒரு கரையில் வைத்துக்கொண்டு, மறுகரையில் துளிக் கணக்கில் பெற்றோலை எண்ணிய மாவட்டம் இது. 2002 ஜனவரியில் தடையின் பெரும்பகுதி நீங்கும்வரை, ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள், இந்தக் கணக்கோடுதான் வண்டிகள் ஓடின.

மண்ணெண்ணெய் அளவோடு கிடைத்தது. அதில் பெற்றோல் எஞ்சினை ஓட்டலாம் என்பது எளிய செய்தியாகத் தோன்றலாம். உண்மையில் அது கடினமான பொறியியற் கேள்வி. பெற்றோலின் ஆவி பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகை செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றும். மண்ணெண்ணெய்க்கோ 38 பாகையாவது வேண்டும். கிழக்கின் நண்பகல் வெயிலில்கூடக் குளிர்ந்த எஞ்சினுக்குள் அது போதிய அளவு ஆவியாகாது, உதைத்து உதைத்துக் கால்தான் ஓயும். எஞ்சின் சூடேறிய பின்னர் எரியும், ஆனால் முழுவதும் எரியாது. மிச்சம் கரியாகப் பிளக்கின் முனையில் படியும். எரியாத எண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி வழிந்து எஞ்சின் ஒயிலோடு கலந்து அதை நீராக்கும். அழுத்தம் கூடிய எஞ்சினில் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்துத் 'தட்டும்'. அதனால் அழுத்தம் குறைந்த, பொறுமையான எஞ்சின்களே இந்தப் பரீட்சையில் தேறின. பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் மறுவாழ்வு பெற்றதும், ஹொண்டா சி.90, யப்பானியத் தபாற்காரருக்கென்று செய்யப்பட்ட எம்.டி.90 போன்ற சிறு மோட்டார் சைக்கிள்கள் பெயர் வாங்கியதும் இந்தக் காரணத்தாலேயே.

மேலே சொன்ன ஒவ்வொரு குறைக்கும் எதிரே வண்டிக்காரர் ஒரு மாற்றத்தை வைத்தார். குளிரில் பற்றாது என்பதற்கு எதிரே சிறு போத்தலும் மெல்லிய குழாயும் வந்தன. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்குச் சற்று முன் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றினால், காபரேற்றர் கிண்ணத்தில் பெற்றோல் தங்கி, அடுத்த முறை எளிதில் பற்றும். இரண்டு எரிபொருளுக்கும் இடையில் வைத்த சிறு தட்டுக்குழாய்தான் இந்த முறையின் உயிர். கரி படியும் என்பதற்கு எதிரே, பிளக் சாவி எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டியிருந்தது. பிளக்கைக் கழற்றி, முனையைச் சுரண்டித் துடைத்து, இடைவெளி பார்த்துத் திரும்பப் பூட்டுவது மாதாந்த வேலையாக இருந்த நிலை மாறி அன்றாட வேலையானது. அன்றாடம் கழற்ற வேண்டியதை மறைக்கும் மூடிக்கு வண்டியில் இடமில்லை. ஒயில் நீர்க்கும் என்பதற்கு எதிரே, அடிக்கடி வடித்து மாற்றும் பழக்கம் வந்தது, வடிகட்டி வைத்த பழைய ஒயில் செயினுக்குப் போனது. இவற்றில் ஒன்றேனும் வண்டியின் வேகத்தைக் கூட்டச் செய்ததல்ல, அழகுக்குச் செய்ததும் அல்ல. பழுது பார்ப்பதை எளிதாக்குவது ஒன்றே அவற்றின் நோக்கம்.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது? தடை பிறந்த அன்று வானத்திலிருந்து விழவில்லை. கரையோரத்துக்கு அது முன்பே தெரிந்த அறிவு. இலங்கையின் சிறு மீன்பிடிப் படகுகளில் மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு எஞ்சின்கள் நெடுங்காலம் புழக்கத்தில் உள்ளன. பெற்றோலில் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கரை சேருமுன் பெற்றோலுக்குத் திரும்புவது கடற்றொழிலாளருக்கு மனப்பாடமான வரிசை. வயலுக்கும் அது புதிதல்ல. பிரித்தானியாவில் பெர்குசன் உழவு இயந்திரங்களின் ஒரு வகை, மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெயில் இதே வரிசைப்படி ஓடியது, அங்கும் ஒயில் நீர்ப்பதும் பிளக் கரி பிடிப்பதும் உழவரின் அன்றாடத் தொல்லையாக இருந்தன. கடலிலும் வயலிலும் பழகிய ஓர் ஒழுங்கை இரண்டு சில்லு வண்டிக்கு இறக்கிக் கொடுத்ததே தடைக்காலத்தின் புதுமை. பெரிய எஞ்சினில் தொழிற்சாலையே பூட்டித் தந்த இரட்டைக் குழாயை, சின்ன எஞ்சினில் ஒரு போத்தலாலும் ஒரு முழக் குழாயாலும் செய்து காட்டினார்கள்.

மாவட்டத்தின் நிலமும் இதே பாடத்தை வேறு வழியில் புகட்டியது. கிண்ணியாவிலிருந்து வெருகல் வரையுள்ள கரை ஆற்று முகத்துவாரங்களால் துண்டுபட்ட கரை. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்படும்வரை அங்கே பாதை என்றால் மிதவைப் பாதைதான். வண்டி மிதவையில் ஏறி, உப்புநீர் தெறிக்க இறங்கி, மணலில் புதைந்து, மார்கழி மழையில் சேற்றில் இழுபட்டது. உப்புக்காற்று கம்பிக்குள் துருவாகப் புகும், மணல் செயினை அரம்போல் அராவும். இவ்வூர்களில் செயினை முழுவதும் மூடிய பழைய ஹொண்டாக்களுக்கு இருந்த மதிப்பை விளங்கிக்கொள்ள இந்த மணலைப் பார்த்தால் போதும். மூடியில்லாத வண்டிக்குப் பழைய ரியூபை வெட்டி மட்காட்டின் அடியில் தொங்கவிடுவது, பிரேக் கம்பியின் வாயில் கிறீஸ் திணிப்பது, பிளக்கின் தொப்பியை ரப்பரால் இறுக்கி நீர் புகாமல் காப்பது எல்லாம் காசு கேட்காத வேலைகள். வெட்டிய ரியூப் துண்டு ஒரு செயினின் ஆயுளை நீட்டியது. தடைக்காலத்தில் புதுச் செயின் கடையில் கிடைக்கும் பொருள் அல்ல என்பதை நினைத்தால் அந்தத் துண்டின் பெறுமதி விளங்கும்.

இந்த மாற்றங்களை வடிவமைப்பு வேலை என்று மதிப்பதற்கு முதல் மறுப்பு அறத்தின் பக்கத்திலிருந்து வரும். பட்டினியையும் இடப்பெயர்வையும் தந்த தடையைக் 'கண்டுபிடிப்பின் தாய்' என்று பாராட்டுவது பாதிக்கப்பட்டவர்களை அவமதிப்பதல்லவா? மிகச் சரியான எச்சரிக்கை இது. பெற்றோல் இல்லாததால் வைத்தியசாலை போய்ச் சேராத உயிர்களுக்கு எந்தத் தட்டுக்குழாயும் ஈடாகாது. 2006இல் மாவிலாற்றில் தொடங்கிய போர் மூதூர் கிழக்கையும் ஈச்சிலம்பற்றையும் ஊரோடு பெயர்த்தபோது, வண்டியும் வீடும் ஒன்றாகவே கைவிடப்பட்டன. ஆகவே தடைக்கு நன்றி சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கொடுமையைப் பதிவு செய்யும் வரலாறு, கொடுமைக்கு உட்பட்டவர்களை வெறும் பாத்திரமேந்திகளாக நிறுத்திவிட்டால், அது இரண்டாவது முறை அவர்களிடமிருந்து பறிப்பதாகும். அவர்கள் வதைபட்டார்கள் என்று எழுதும் அதே கையால், அவர்கள் சிந்தித்தார்கள் என்றும் எழுத வேண்டும்.

இரண்டாவது மறுப்பு தொழிலின் பக்கத்திலிருந்து வரும். மண்ணெண்ணெய் எஞ்சினைக் கெடுத்தது, புகை நெஞ்சைக் கெடுத்தது, எஞ்சினுக்கு அருகே பெற்றோல் போத்தல் வைப்பது தீயோடு விளையாட்டு, இதையா பராமரிப்பு என்பது? குற்றச்சாட்டுகள் மூன்றும் உண்மை. இன்று பெற்றோல் கிடைக்கும் நிலையில் எவரும் அந்த முறைக்குத் திரும்பக் கூடாது. ஆனால் மறுப்புச் சொல்வோர் எரிபொருளையும் பராமரிப்பையும் ஒன்றாக்கிக் குழப்புகிறார்கள். கெடுத்தது மண்ணெண்ணெய். கெடுதலைத் தாங்க வைத்தது பிளக் துடைப்பும் ஒயில் மாற்றமும் தட்டுக்குழாயும். நல்ல எரிபொருளில் ஓடும் வண்டி கவனிப்பில்லாமலும் சில காலம் ஓடிவிடும். கெட்ட எரிபொருளில் ஓடிய வண்டி ஆண்டுக்கணக்கில் ஓடியதே கவனிப்புக்குச் சான்று.

மூன்றாவது மறுப்பு, இதில் தனிச்சிறப்பு என்ன என்பது. இரண்டாம் உலகப் போரின் எரிபொருட் பஞ்சத்தில் தமிழ்நாட்டில் கரிவாயுவில் பஸ்கள் ஓடவில்லையா? ஓடின. ஆனால் பஸ்ஸின் பின்னால் பூட்டிய கரிவாயு உலை பட்டறையிலிருந்து வந்த பெரும் கருவி, முதலாளிக்கு உரியது, அதை இயக்கத் தனி ஆள் வேண்டும். தடைக்கால மோட்டார் சைக்கிளின் மாற்றமோ வண்டிக்காரரே செய்தது, அல்லது தெருமுனை மெக்கானிக் செய்து, வண்டிக்காரருக்கே பழக்கிக் கொடுத்தது. ஆசிரியரும் தபாற்காரரும் மீன் வியாபாரியும் பிளக்கின் இடைவெளியைக் கண்ணால் அளக்கக் கற்றார்கள். ஒரு நுட்பம் இவ்வளவு பேரின் கைக்கு இறங்கியதே அதன் தனிச்சிறப்பு.

2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்பாட்டுக்குப் பின் பாதைகள் திறந்தன, பெற்றோல் வந்தது, இந்திய மோட்டார் சைக்கிள்கள் வந்தன, சிறு போத்தல்கள் மறைந்தன. அறிவு மறையவில்லை என்பதை அடுத்த நெருக்கடி காட்டியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரி வரை தனியார் வாகனங்கள் வராமலே இருந்தன. பழைய வண்டியைக் காப்பாற்றுவது நாடு முழுவதற்கும் கட்டாயமானது. 2022இல் பெற்றோல் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டு, ஓகஸ்ட் முதல் நாடெங்கும் கியூ.ஆர். அட்டை நடைமுறைக்கு வந்தபோது, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று அளவு வைத்தார்கள். அதே மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது, முதலில் அடிபட்டவர்கள் கடற்றொழிலாளரே. பழைய மாற்று வழி அடைபட்டது. ஆயினும் 4 லீற்றரை ஒரு வாரத்துக்கு இழுக்கத் தெரிந்தவர் யார்? காற்று வடிகட்டியைத் துடைத்து, காபரேற்றரைச் சீர்செய்து, செயினுக்கு ஒயிலிட்டு, ரயர்க் காற்றைச் சரியாக வைத்தவரே. தடைக்காலம் பழக்கியதும் அதையே.

இன்று வண்டிகள் எதிர்ப்பக்கம் போகின்றன. காபரேற்றரின் இடத்துக்கு மின்னணு எரிபொருட் செலுத்தி வருகிறது. அது சிக்கனமானது, புகை குறைந்தது, அதை எதிர்ப்பதில் நியாயமில்லை. ஆனால் பழுதைக் காண ஒரு கணினியும், திறக்க ஒரு சிறப்புச் சாவியும், மாற்ற ஒரு முழு உறுப்பும் வேண்டும் என்றால், ஈச்சிலம்பற்றுக்காரரின் வண்டி நகரத்தின் தயவில் நிற்கும். பிரான்ஸ் 2021இல் கைப்பேசி, சலவை இயந்திரம் போன்றவை ஒவ்வொன்றுக்கும் பழுதுபார்க்கும் எளிமையைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு விற்கச் சொன்னது. கழற்றுவதற்கு எளிதா என்பது அந்த மதிப்பீட்டின் ஓர் அளவுகோல். வெருகல் கரையில் மணலும் உப்பும் தடையும் சேர்ந்து வைத்த அளவுகோலும் இதுவே. நம் தொழில்நுட்பக் கல்லூரிகள் மோட்டார் சைக்கிள் பாடத்தில் பழுதைத் திருத்துவதோடு, பழுதை எளிதில் திருத்தத்தக்கதாக வண்டியை அமைப்பதையும் கற்பிக்கலாம். அதற்குரிய பாடநூலின் முதல் அத்தியாயம் தடைக்கால மெக்கானிக்குகளிடம் இருக்கிறது. அவர்கள் முதுமை அடைந்துகொண்டிருக்கிறார்கள், எழுதி வைத்தவர் சிலரே.

திருகோணமலையில் கடற்படை வரலாற்றுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. சீனன்குடாத் தாங்கிகளுக்கு ஒப்பந்தங்களும் வரைபடங்களும் கோப்புகளும் இருக்கின்றன. அந்தத் தாங்கிகளின் நிழலில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்து, ஒரு சிறு போத்தலையும், ஒரு முழக் குழாயையும், கரி துடைத்த ஒரு பிளக்கையும், வெட்டிய ஒரு ரியூப் துண்டையும் உள்ளே வைக்க வேண்டும். இந்த மாவட்டத்தில் எரிபொருள் எங்கே சேமிக்கப்பட்டது என்பதைத் தாங்கிகள் சொல்லும். அது இல்லாதபோது மக்கள் எப்படிப் பயணம் செய்தார்கள் என்பதை அந்த நான்கு பொருள்களும் சொல்லும்.